தொண்ணூறுக்குள் இருக்கும் நூறு

புதன்கிழமை ஏழிலிருந்து ஒன்பதுவரை
சலவை அறைத் திறப்பு என்னிடம்.
ஓல்ட்டனில் ஆறு மாடிக் கட்டடத்தின் அடியில்
மெஷினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்து
ஒரு தொகையைச் சொல்லிப் பழகுகிறேன்.

நூற்றுப் பன்னிரண்டாயிரம்.

ஜெர்மனில் சொல்லும்போது
வசனத்தின் வால் தானாக மேலே எழும்புகிறது,
கேள்விபோல.
"இருந்தால் நல்லது" என்றொரு பாயை முதலில் விரித்து
அதன்மேல்தான் தொகையை உட்காரவைக்கிறேன்.
உள்ளே உடுப்புகள் புரண்டு புரண்டு சிரிக்கின்றன.

ஒரே தண்டவாளத் துண்டில்
ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் நிற்கக்கூடாது.
ஒன்பது வருடமாக என் வேலை அவ்வளவுதான்.
அதற்குத் தொண்ணூற்று நாலாயிரம்.
மார்ச்சில் பிரிண்டரில் யாரோ மறந்த தாள்:
ஃபாபியானின் சம்பளச் சீட்டு.
பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.
இங்கே வருடத்துக்குப் பதின்மூன்று சம்பளம்,
மனதுக்குள் பெருக்கினேன்,
பிழையாயிருக்கும் என்று மறுபடியும் பெருக்கினேன்.
எனக்குப் பின்னால் வந்தவன்.
கோப்பி மெஷின் எங்கே என்று காட்டியதும் நான்தான்,
சிவப்பு ஏன் சிவப்பு என்று காட்டியதும் நான்தான்.

எண்பதுவரை தமிழ் ஒழுங்காக எண்ணுகிறது.
பிறகு அதற்குப் பொறுமையில்லை.
இன்னும் வராத நூறை இழுத்து
பெயருக்குள் வைத்துக்கொள்கிறது: தொண்ணூறு.
இத்தனை வருடமாய்
நான் வாங்கிய சம்பளத்தின் பெயரிலேயே இருந்திருக்கிறது
நான் வாங்காத நூறு.

சனிக்கிழமை தமிழ்க் கடையில்
விளைமீனுக்கு இரண்டு பிராங்க் குறைக்கச் சொல்லி
கால்மணி நேரம் நின்றவள் நான்.
"சரி, வேண்டாம்" என்று கதவுவரை போய்
கைபிடியில் கை வைத்தபடி நின்றவள்.
அந்த நாக்கை வார நாட்களில்
எங்கே கழற்றி வைக்கிறேன்?

ஒன்பதாகப் பத்து நிமிடம்.
மூன்றாம் மாடி மிர்லிண்டா கூடையோடு இறங்கி வருகிறாள்.
பல் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவள்.
"யாரோடு கதைக்கிறாய்?"
சொன்னேன்.
கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து
உடனே மேலாளராகிவிட்டாள்.
"அதிகம்."
நான் காரணங்களை அடுக்கத் தொடங்குகிறேன்,
படிப்பு, அனுபவம், பிரெஞ்சும் தெரியும்.
"நிறுத்து. நான் ஒன்றும் கேட்கவில்லையே.
அதிகம் என்றேன். அது கேள்வியா?"
மறுபடியும். மறுபடியும்.
ஏழாம் தரம் இருவருக்கும் சிரிப்பு.
எட்டாம் தரம் சிரிக்கவில்லை.
"உன் இடத்தில் நீ கேட்டிருக்கிறாயா?" என்றேன்.
அவள் எழுந்து என் ஈர உடுப்புகளை
ஒவ்வொன்றாய் எடுத்து எனக்குத் தந்தாள்.
மெஷின் இப்போது அவளுடையது.

வியாழன், பத்தேகால்.
ஆரே ஆற்றைப் பார்த்த அறை, இரண்டு தண்ணீர்க் கிளாஸ்.
புதிய கம்பனி, எட்டுப் பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை.
அம்ஸ்டுட்ஸ் என்கிற மனிதர்
என் குடும்பப் பெயரின் பாதியில் நின்று
மன்னிப்புக் கேட்டுச் சிரிக்கிறார்.
வழக்கமாக நானே அதைச் சுருக்கிக் கொடுப்பேன்.
இன்று முழுதாகச் சொல்கிறேன், ஆறுதலாக,
சி-வ-க-டாட்-சம்.
பிறகு அந்தக் கேள்வி வருகிறது,
எதிர்பார்க்கும் சம்பளம்.

"நூற்றுப் பதினெட்டாயிரம்."

வீட்டிலிருந்து புறப்படும்போது பன்னிரண்டுதான்.
ஆறு எந்த ஸ்டேஷனில் ஏறியதென்று
எனக்கே தெரியாது.
வால் எழும்பவில்லை. பாயும் இல்லை.

"எங்கள் வரம்புக்குச் சற்று மேலே" என்கிறார்.
அது கேள்வியல்ல.

வாய்க்குள் காரணங்கள் முண்டுகின்றன,
ஒவ்வொன்றும் புறப்படத் தயாரான வண்டி.
சிவப்பு போட்டிருக்கிறேன்.
முன்னாலுள்ள பாதை காலியாகும்வரை
எதையும் விடமாட்டேன்.
இது என் தொழில்.

அவர் பேனையை மூடுகிறார், திறக்கிறார்.
வெளியே பாலத்தில் ஒரு சரக்கு வண்டி
அவசரமில்லாமல் ஆற்றைக் கடக்கிறது.
பெட்டிகளை எண்ணுகிறேன்.
எண்பத்தெட்டு? இருக்காது.
பதினொன்று. பன்னிரண்டு.